வீட்டில் பழைய கார் புதுப்பிக்கும் நண்பர்களுக்கு: கடைசிக் கோட் மட்டும் வீட்டில் வேண்டாம்

போன வாரம் ஒரு நண்பர் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியிருந்தார். பழைய அம்பாசிடர். வீட்டு வாசலில் பிளாஸ்டிக் ஷீட்டைப் பந்தல் மாதிரி கட்டி, உள்ளே அவரே ஸ்ப்ரே கன்னோடு நிற்கிறார். முகத்தில் கொரோனா காலத்து சர்ஜிக்கல் மாஸ்க். "யூடியூப் பாத்தே கத்துக்கிட்டேன் டாக்டர், எப்படி இருக்கு?" என்று ஒரு கேள்வி.

வண்டி அருமையாக இருந்தது. எனக்குக் கண் போனது அந்த மாஸ்க்கிலும், அவர் காலடியில் இருந்த சின்ன ஹார்டனர் டப்பாவிலும்தான்.

அவரைக் கண்டித்துப் பதில் போட எனக்கு யோக்கியதை கிடையாது. இதே தப்பை என் வீட்டு போர்ட்டிகோவில் நானும் செய்திருக்கிறேன். அதனால் தனியாகப் பதில் போடாமல் எல்லாரும் வாசிக்கிற மாதிரி எழுதுகிறேன். நீளமான த்ரெட். பழைய வண்டி வைத்திருப்பவர்கள், பெயின்ட் பட்டறையில் வேலை பார்ப்பவர்கள், பட்டறைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் கடைசி வரை வாசிங்க.

முதலில் என் வண்டி. 1978 மாடல் பிரீமியர் பத்மினி. அப்பா வாங்கியது. பம்பாய் குர்லாவில் 1960-களில் ஃபியட் 1100 என்று ஆரம்பித்து, 70-களில் பத்மினி என்று பெயர் மாறிய அதே வண்டி. பெயர் மாறினாலும் எங்கள் ஊரில் கடைசி வரை அது "ஃபியட்டு"தான். 1089 சிசி இன்ஜின், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். அப்பா போன பிறகு வீட்டுப் பக்கவாட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். அதுதான் முதல் தப்பு.

எங்கள் ஊர் தூத்துக்குடி. உப்புக்காற்று. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்கு. தார்ப்பாய் மழையைத் தடுக்கும், உள்ளே இருக்கிற ஈரத்தையும் வெளியே விடாது. சில வருஷம் கழித்துத் திறந்து பார்த்தபோது வெளியே லேசாகத்தான் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. கால் மிதியடியைத் தூக்கினால் தரை தெரிந்தது. வண்டியின் தரை இல்லை, எங்கள் வீட்டுத் தரை.

டிங்கர் அண்ணாச்சி ஒருத்தர் வந்து பார்த்தார். அறுபது தாண்டியவர். ஸ்குரூ டிரைவரின் பின்பக்கத்தால் ரன்னிங் போர்டு முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தார். நாம் நெஞ்சில் விரலை வைத்துத் தட்டிப் பார்ப்போமே, அதே மாதிரி. நல்ல தகரம் 'டங்' என்கிறது. பட்டி அடைத்த இடம் 'தொப்'. "சார், இது தகரம் இல்ல. பழைய பட்டறைக்காரன் ஃபைபர அடச்சு மேல பட்டி போட்டு வச்சிருக்கான். உள்ள பூரா மண்ணு" என்றார்.

சீழ் கட்டிய புண்ணைத் திறந்து வடிக்காமல் மேலே பிளாஸ்திரி ஒட்டி அனுப்புவது மாதிரி வேலை இது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்க. கதவின் அடிப்பாகம், ரன்னிங் போர்டு, சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி. எங்கே காந்தம் பிடிக்காமல் வழுக்குகிறதோ அங்கே பட்டி கனமாக இருக்கிறது என்று அர்த்தம். பள்ளத்தைச் சமன் செய்ய இரண்டு மூன்று மில்லிமீட்டர் பட்டி போட்டால் தப்பில்லை. ஓட்டையை மூடப் போட்டால் ஏமாற்று வேலை.

அதிலும் பத்மினிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. பாடிதான் எலும்புக்கூடு. ரன்னிங் போர்டு என்பது அழகுக்கு ஒட்டிய பட்டை இல்லை, வண்டியின் முதுகெலும்பில் பாதி. அது துருவாகிப் போன வண்டி ஒரு இடி வாங்கினால் மடங்கும். 'பளபளன்னு இருக்கு, போதும்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சரி, வேலைக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணாச்சி வருவார், நான் எடுபிடி. கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் நடந்தது. வாழ்க்கையில் எம்பிபிஎஸ் ஹவுஸ் சர்ஜன் காலத்துக்கு அப்புறம் இவ்வளவு திட்டு வாங்கியதில்லை. ரன்னிங் போர்டை வெட்டும்போது இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டக் கூடாது. கதவு நிலைகளுக்குக் குறுக்கே இரும்புப் பட்டை வைத்துப் பிடித்த பிறகுதான் வெட்ட வேண்டும். இல்லையென்றால் வண்டி நடுவில் தொய்ந்து, அப்புறம் எந்தக் கதவும் சாத்தாது. வெல்டிங்கை ஒரே கோடாக இழுத்தால் சூட்டில் தகரம் நெளிந்துவிடும். இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி ஒரு புள்ளி என்று தையல் போடுகிற மாதிரி போக வேண்டும். கதவுக்கு அடியில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும். முன்னாடி பெயின்ட் அடித்தவர்கள் பட்டியால் அதை அடைத்திருந்தார்கள், கதவு தண்ணீர்த் தொட்டி ஆகியிருந்தது. இதையெல்லாம் எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை, அண்ணாச்சிதான் சொன்னார்.

என் கருத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையை வீட்டில் செய்யுங்கள். துருவைச் சுரண்டுவது, தகரம் வெட்டுவது, டிங்கரிங், பட்டி பார்ப்பது, தேய்ப்பது, எல்லாவற்றையும் நிதானமாக, கற்றுக்கொண்டு, ஆள் துணையோடு செய்யலாம். மனசுக்கு அவ்வளவு நல்லது. ஆனால் ஹார்டனர் கலந்த பெயின்ட்டை வீட்டில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். ஏன் என்று வருகிறேன். அதற்கு முன் மற்ற அடிகளைச் சொல்லிவிடுகிறேன், எல்லாம் அனுபவம்.

கண். கிரைண்டர் போடும்போது கண்ணாடி போடுவோம். சுத்தியலால் தட்டும்போது போட மாட்டோம். இரும்பை இரும்பால் அடிக்கும்போது தெறிக்கிற பொடி துப்பாக்கிக் குண்டு மாதிரி. சிறிசாக இருப்பதால் கண்ணுக்குள்ளேயே துளைத்துப் போய்விடும், பல சமயம் பெரிசாக வலிக்கவும் வலிக்காது. 'ஏதோ தூசி விழுந்துச்சு, இப்ப சரியாயிட்டு' என்று விட்டுவிடுவார்கள். உள்ளே தங்கிய இரும்பு கரைந்து நாளடைவில் பார்வையையே எடுத்துவிடும். சுத்தியல் வேலையில் கண்ணில் ஏதாவது பட்டால் தேய்க்காமல், கசக்காமல் நேராகக் கண் டாக்டரிடம் போங்க. 'இரும்பை அடிச்சுக்கிட்டு இருந்தேன்' என்று மறக்காமல் சொல்லுங்க. எக்ஸ்ரேயோ சிடி ஸ்கேனோ எடுப்பார்கள். உள்ளே இரும்பு இருக்கும் சந்தேகத்தோடு எம்ஆர்ஐ எடுக்கக் கூடாது, அது காந்தம்.

வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரியும். நம் பக்கம் தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கு வைத்துக் கட்டுவது என்று என்னென்னவோ நடக்கிறது. ஒன்றும் விடாதீர்கள். மருந்துக் கடையில் மரத்துப்போகிற சொட்டு மருந்து கேட்டு வாங்கி ஊற்றவும் ஊற்றாதீர்கள். வலி போகும், ஆனால் கருவிழிப் புண் ஆறாது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானாக ஆறிவிடும். கண் டாக்டர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம் துரு குத்தினால் டெட்டனஸ் வரும் என்கிற நம்பிக்கை. துருவுக்கும் டெட்டனசுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. அந்தக் கிருமி மண்ணில், சாணத்தில் இருப்பது. ஆனால் பழைய வண்டியின் அடியில் முப்பது வருஷ மண் இருக்குமே! அதனால் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்துப் பாருங்க. பத்து வருஷம் தாண்டியிருந்தால் வேலை ஆரம்பிக்கும் முன்பே ஒரு பூஸ்டர். அழுக்கான ஆழக் காயம் என்றால் ஐந்து வருஷமே கணக்கு.

ஜிஐ ஷீட் கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். தரைக்குப் போடச் சாதாரண சிஆர் ஷீட் தீர்ந்துபோய், வீட்டில் கிடந்த ஜிஐ தகரத்தை வெட்டிப் போட்டோம். நான்தான் குனிந்து பிடித்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி குளிரும் நடுக்கமும் காய்ச்சலும், வாயெல்லாம் பத்துப் பைசா நாணயத்தைச் சப்பிய மாதிரி ஒரு ருசி. எனக்கு நானே டெங்கு, மலேரியா என்று பெரிய பட்டியல் போட்டு, ரத்தம் எடுக்க வைத்து, வீட்டம்மாவைப் பயமுறுத்தி... மறுநாள் மதியம் எழுந்து இட்லி சாப்பிட்டேன். துத்தநாகப் புகைக் காய்ச்சல். ஜிஐ தகரத்தின் மேல் பூச்சு எரியும்போது வருகிற புகை. வெல்டர்களுக்கு இது பழகிப்போன விஷயம். அண்ணாச்சியிடம் சொன்னேன். "அதான் சார், சாயங்காலம் பாலு குடிச்சுட்டுப் படுத்திருக்கணும்" என்றார். பாலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை அண்ணாச்சி என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

பழைய பெயின்ட்டைத் தேய்க்கும்போது கவனம் வேண்டும். அந்தக் காலத்துப் பெயின்ட்டிலும் பிரைமரிலும் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டுக்கு 90 பிபிஎம் என்று ஈய வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதுவும் வீட்டு, அலங்காரப் பெயின்ட்டுக்கு மட்டும். காய்ந்த நிலையில் எமரி போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி போர்ட்டிகோவில் விளையாடும் பிள்ளையின் கையிலும் வாயிலும் போகும். ஈயத்துக்கு 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று ஒரு அளவே கிடையாது, குழந்தை மூளைக்கு எதுவும் கெடுதிதான். தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரில் தேயுங்க. அந்தச் சட்டையைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீங்க. மூடிய ஷெட்டுக்குள் பெயின்ட் ரிமூவர் ஊற்றிச் சுரண்டும் வேலையும் வேண்டாம். பல ரிமூவர்களில் இருக்கும் டைகுளோரோமீத்தேன் உடம்புக்குள் போய்க் கார்பன் மோனாக்சைடாக மாறும். இதய நோய் உள்ளவர்களுக்கு அது தாங்காது.

பெட்ரோல் டேங்க் இருக்கிற வண்டியில், டேங்க்கைக் கழற்றாமல் அது பக்கம் வெல்டிங் வைக்கவே கூடாது. காலி டேங்க்தானே என்பார்கள். காலி டேங்க்தான் வெடிக்கும். உள்ளே இருப்பது ஆவியும் காற்றும்.

இதெல்லாம் கவனமாக இருந்தால் தப்பிக்கலாம். கண்ணாடி போட்டால் தப்பிக்கலாம், தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தப்பிக்கலாம். இனி சொல்லப் போவது அப்படி இல்லை.

பிரைமர், பட்டி எல்லாம் முடிந்து வண்டி சாம்பல் நிறத்தில் நின்றது. பெயின்டர் ஒருவரை அண்ணாச்சி கூட்டி வந்தார். நாற்பது வயதுக்குள் இருப்பவர், நல்ல கைகாரர். (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாமல் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "பானட்ட மட்டும் முதல்ல அடிச்சுக் காட்டுதேன், கலர் பிடிச்சா மீதியப் பாக்கலாம்" என்றார். ஞாயிறு சாயங்காலம் போர்ட்டிகோவைச் சுற்றி ஷீட் கட்டினோம். பியு பெயின்ட், ஹார்டனர், தின்னர். முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடித்தார். நான் இரண்டடி தள்ளி டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். நுரையீரல் டாக்டர் இல்லைதான், ஆனால் தினமும் பத்துப் பேருக்காவது ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எழுதுகிற பொது மருத்துவர்.

பானட் கண்ணாடி மாதிரி வந்தது. 

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்து, "தம்பி, பாப்பாவுக்கு ராத்திரி பூரா மூச்சு இளைக்கு, கொஞ்சம் வந்து பாக்கீங்களா?" என்று கூப்பிட்டார்கள். ஏற்கெனவே வீசிங் உள்ள குழந்தை. மருந்து கொடுத்ததும் சரியாகிவிட்டது. என் பெயின்ட்தான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அந்த அக்காவிடம் அன்றே விஷயத்தைச் சொன்னேன்.

மூன்றாம் நாள் பெயின்டர் வந்தார். இருமிக்கொண்டே வந்தார். எத்தனை நாளாக என்று கேட்டேன். "ரெண்டு வருஷமா இருக்கு சார். ராத்திரிதான் ஜாஸ்தி. பஃப் அடிக்கேன்." வேறு இடத்தில் காட்டியிருக்கிறார். பீடி குடிப்பதை விடச் சொன்னார்களாம். அவர் பீடியே தொட்டதில்லை.

பிறகு அவராகவே ஒன்று சொன்னார். "பொங்கலுக்கு மாமியார் ஊருல பத்து நாள் இருந்தேன் சார். பஃப் எடுத்துட்டே போகல. ஒண்ணுமே இல்ல. திரும்பி வந்து ரெண்டு நாள்ல மறுபடி ஆரம்பிச்சுட்டு."

மருத்துவக் கல்லூரியில் பாடமாகப் படித்த வாக்கியம். லீவில் குறைகிறது, வேலைக்குப் போனால் கூடுகிறது. இதைக் கேட்காத வரை அவர் வெறும் 'வீசிங் கேஸ்'.

பீக் ஃப்ளோ மீட்டர் என்று சின்ன ஊதல் கருவி உண்டு. ஒன்று கொடுத்து, தினமும் நாலு தடவை ஊதி நோட்டில் எழுதச் சொன்னேன், வேலை நாளிலும் லீவு நாளிலும். நாலு வாரம் ஒழுங்காக எழுதினார். ஸ்ப்ரே அடித்த நாட்களின் ராத்திரி அளவு, வேலை இல்லாத நாளை விடக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நுரையீரல் நிபுணரிடம் அனுப்பினேன், அவரும் உறுதி செய்தார். தொழில்வழி ஆஸ்துமா. காரணம் அந்தச் சின்ன டப்பா.

ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட் என்ற வகை ரசாயனம். பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 1984-ல் போபாலில் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். பயமுறுத்தச் சொல்லவில்லை, இரண்டும் ஒரே பொருள் இல்லை. பெயின்ட்டில் இருப்பது அவ்வளவு சுலபமாக ஆவியாகாது. டப்பாவில் இருக்கும் வரை பெரிய ஆபத்தும் இல்லை. ஆனால் ஸ்ப்ரே கன் அதை மூச்சில் போகிற அளவு நுண்துளியாக உடைத்துக் காற்றில் விடுகிறது. அங்கேதான் பிரச்சினை.

இது விஷம் மாதிரி 'இவ்வளவு போனால் இவ்வளவு கெடுதி' என்று கணக்காக வேலை செய்வதில்லை. அலர்ஜி மாதிரி. முதல் நாள் ஒன்றும் ஆகாது. ஆறு மாதம், இரண்டு வருஷம், சிலருக்குப் பத்து வருஷம் கூட ஒன்றும் ஆகாது. ஒரு நாள் உடம்பு அதை எதிரி என்று பதிந்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு துளி போதும். பக்கத்து ஷெட்டில் யாரோ அடித்தால் கூட இவருக்கு இழுக்கும். அந்தப் பதிவை அழிக்க நம்மிடம் மருந்து கிடையாது. 'நான் இருபது வருஷமா அடிக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகலியே' என்பதற்கு இதுதான் பதில். இதுவரை ஆகவில்லை, அவ்வளவுதான்.

நெடி அடிக்கவில்லையே, அப்ப ஒண்ணும் இல்லை என்றும் நினைக்காதீங்க. நமக்கு மூக்கில் ஏறுவது தின்னர் வாசனை. ஐசோசயனேட் நம் மூக்குக்குத் தெரியும் அளவு வந்துவிட்டால் ஆபத்தான அளவை எப்போதோ தாண்டியாயிற்று. ஸ்ப்ரே முடிந்து புகை மாதிரி இருந்தது அடங்கிய பிறகும் கண்ணுக்குத் தெரியாத பனி காற்றில் நிற்கும். எல்லாப் பெயின்டரும் அப்போதுதான் முகமூடியைத் தூக்கிவிட்டுக் குனிந்து 'பளபளப்பு வந்துட்டா' என்று பார்ப்பார்கள். 

சர்ஜிக்கல் மாஸ்க்கும் கைக்குட்டையும் சாமி கயிறு மாதிரி, மனத் திருப்திக்குத்தான். என்95 தூசிக்கு நல்லது, ஆவிக்கு இல்லை. கரித்துகள் கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடி கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டால் நெடி வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, மேலே சொன்ன அதே காரணம். வேலைக்கு ஏற்றது வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தக் காற்று வரும் முகமூடி, அதுவும் காற்றை உறிஞ்சி வடிகட்டும் ஸ்ப்ரே பூத்துக்குள். தோல் வழியாகவும் ஒவ்வாமை பதியலாம் என்பதால் கையுறை, முழுக்கை. நம் ஆட்கள் வேலை முடிந்ததும் தின்னரில் கை கழுவுகிறார்களே, அதைவிடக் கெட்ட பழக்கம் வேறில்லை.

வீட்டு போர்ட்டிகோவில் இது எதுவும் சாத்தியமில்லை. பிளாஸ்டிக் ஷீட் கட்டினால் பூத் ஆகாது. பனியை உள்ளேயே நிறுத்தி உங்களுக்கே திரும்ப ஊட்டுகிற டப்பா ஆகும். ஷீட்டைத் திறந்துவிட்டால் மதில் தாண்டிப் போகும். கடையில் கிடைக்கும் 2கே ஸ்ப்ரே டின்னிலும் அதே ஹார்டனர்தான்.

'அப்போ வீட்டிலேயே முழுசா முடிக்க வழியே இல்லையா?' என்று கேட்பீர்கள். நம் பழைய பட்டறைகளில் அடித்த டக்கோ, அதாவது என்சி பெயின்ட், இன்னும் கிடைக்கிறது. அதில் ஐசோசயனேட் கிடையாது. பல கோட் அடிக்க வேண்டும், காய வைத்து வாட்டர் பேப்பர் போட்டு, பாலிஷ் போட்டு ஏற்ற வேண்டும், பியு மாதிரி உழைக்கவும் உழைக்காது. ஆனால் 1978 வண்டிக்கு அந்தக் காலத்து மெல்லிய பளபளப்புதான் பொருத்தம் என்பது என் ரசனை. அதுவும் சும்மா இல்லை. தின்னர் ஆவி தலைசுற்ற வைக்கும், நெருப்பு பிடிக்கும். கார்ட்ரிட்ஜ் முகமூடி வேண்டும், காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் அடுப்போ சாமி விளக்கோ சுவிட்ச் பொறியோ இருக்கக் கூடாது. பிள்ளைகளும் வீசிங் உள்ளவர்களும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும். இவ்வளவு முடியாது என்றால் பிரைமர் நிலையில் வண்டியை நல்ல பூத் உள்ள இடத்துக்கு அனுப்புங்க. உங்கள் உழைப்பு எதுவும் குறைந்துவிடாது. பெயின்ட் வேலையில் முக்கால்வாசி அடியில் தேய்ப்பதுதான், அதை நீங்களே செய்திருப்பீர்கள்.

நடுவில் ஒன்று. வண்டியை 'மாடிஃபை' செய்கிறேன் என்று கூரையை வெட்டுவது, மட்கார்டை அகலமாக்குவது, பானட்டில் ஓட்டை போடுவது பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். தயாரித்த கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்கிறது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கலர் மாற்றலாம், ஆர்டிஓ ஆபீசில் ஆர்சி-யில் ஏற்றிவிடுங்க. 2021-ல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். ஆனால் பாடி, சேசிஸ், இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தத் தகுதி கிடைக்காது. என் வண்டிக்கு 2028-ல் 50. இப்போது ஆசைப்பட்டு வெட்டிவிட்டு அப்புறம் அழக் கூடாது. சீட், விரிப்பு, பாட்டுப்பெட்டி என்று திரும்பக் கழற்றக் கூடியதை மாற்றி ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாமே.

பெயின்டர் தம்பிக்கு வருகிறேன். இந்த நோயில் மருந்தைவிட முக்கியம் அந்தக் காற்றிலிருந்து விலகுவது. சீக்கிரம் விலகினால் முழுசாகச் சரியாக வாய்ப்பு உண்டு. தாமதித்தால் விலகிய பிறகும் ஆஸ்துமா தங்கிவிடலாம். இதை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஸ்ப்ரே அடிச்சாத்தான் சார் கூலி. பட்டி தேய்க்கவனுக்குப் பாதிதான்" என்றார். எனக்குப் பதில் இல்லை.

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், டாக்டர் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில், ஐசோசயனேட் நச்சும் இருந்தது. சட்டத்துக்குத் தெரிந்த நோய்தான். ஆனால் அந்தச் சட்டப்படி மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேராவது வேலை பார்த்தால்தான் அது தொழிற்சாலையாக இருந்தது. மூன்று பேர் இருக்கும் தகரக் கொட்டகை எந்தக் கணக்கிலும் வராது. இந்த வேலை பெரும்பாலும் நடப்பது அங்கேதான். நாம் பேரம் பேசி இரண்டாயிரம் குறைத்துக் கொடுப்பதும் அங்கேதான். வண்டியை விடும்போது 'எத்தனை நாளில் கிடைக்கும்' என்று கேட்கிறோம். 'பூத் இருக்கா, அடிக்கிறவருக்குக் காற்று முகமூடி இருக்கா' என்று நான் என் ஐம்பது வயது வரை ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. அதற்குக் கூடக் காசு ஆகும் என்றால் கொடுத்துவிட்டுப் போவோம். ஆயிரக்கணக்கில் செலவழித்து வண்டிக்கு பீடிங் தேடி அலைகிற நமக்கு அது பெரிய தொகை இல்லை.

பெயின்ட் வேலை செய்கிற யாராவது இதை வாசித்தால்: ராத்திரி இருமலா? வேலை நாளில் கூடி, லீவில் குறைகிறதா? நெஞ்சு இறுக்கம், கண் எரிச்சல், மூக்கு ஒழுகல் இருக்கிறதா? எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமாக 'நான் ஹார்டனர் பெயின்ட் ஸ்ப்ரே அடிக்கிறேன்' என்று சொல்லுங்க. நாங்கள் கேட்க மறந்துவிடுகிறோம். அது எங்கள் தப்பு. நீங்களாவது சொல்லுங்க.

இப்போது அவர் ஸ்ப்ரே கன்னைத் தொடுவதில்லை. பட்டி, மாஸ்கிங், கடைசிப் பாலிஷ் மட்டும். வருமானம் குறைந்திருக்கிறது. பஃப் எண்ணிக்கையும் குறைந்திருக்கிறது, முழுசாக நிற்கவில்லை. ஸ்ப்ரே அடிப்பது இப்போது அவர் அக்கா மகன், பத்தொன்பது வயது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். கைக்குட்டைதான் கட்டியிருந்தான். முதலாளியிடம் பேசியிருக்கிறேன். காற்று முகமூடி ஒன்று வாங்கும் செலவில் பாதி நான் தருகிறேன் என்றேன். "பாக்கலாம் சார்" என்றிருக்கிறார். நாளை மறுபடி போகிறேன்.

என் ஃபியட் இன்னும் போர்ட்டிகோவில்தான் நிற்கிறது. பானட் மட்டும் பளபளப்பு, மற்றதெல்லாம் சாம்பல். மழைக்கு முன்னால் மதுரையில் பூத் உள்ள இடத்துக்கு லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும், தேதி வாங்கியாயிற்று. கலர் என்ன என்று கமென்ட்டில் கேட்பீர்கள். அப்பா வாங்கியபோது இருந்த அதே வெளுத்த கிரீம் கலர்தான். அம்மா வேறு எதற்கும் சம்மதிக்கவில்லை.

அம்பாசிடர் நண்பரே, இதை வாசித்தீர்கள் என்றால் உங்கள் ஹார்டனர் டப்பாவின் போட்டோவை எனக்கு அனுப்புங்க. மிச்சக் கதவுகளை அடிப்பதற்கு முன்னால்.